கயிறு பிடிக்கிறவரின் குரல்

சங்குத்தீவுத் துறைமுகத்தின் வாயிலை நெருங்கியபோது எமரன்சி வாயைத் திறக்கவே இல்லை. அவளுக்குப் பதிலாக அவள் குரல் பேசிக்கொண்டிருந்தது.

"சலேத் ராணி. பதினோரு மீட்டர் பாய்ப்படகு. ஆள் ஒருத்திதான். உள்துறையில கட்டுறதுக்கு இடம் வேணும்," என்றது வயர்லெஸ். அதே கரகரப்பு, கடைசிச் சொல்லை லேசாக இழுக்கும் அதே இழுப்பு. எமரன்சியோ சுக்கானை முழங்காலால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை வேலையாக இருக்கும்போது பேசுவதற்குத் தனியாக ஒரு வாய் வேண்டும் என்றுதானே குரலாளைக் கண்டுபிடித்தார்கள்.

குரலாள் என்பது சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி. உரியவரின் பேச்சை மூன்று மாதம் கேட்டுப் பழகும். பிறகு அவர் சொல்லியிருக்கக்கூடியதை அவர் குரலிலேயே, அவரைவிட நயமாகச் சொல்லும். எந்தப் பேச்சையும் மனத்தாங்கல் இல்லாமல் முடித்துவைப்பது அதன் தொழில். குரலாள் இல்லாத படகோடு துறைக்காவல் பேசாது என்று சட்டம் வந்தே ஆறு வருடம் ஆகிறது. சண்டை ஒழிந்தது என்னவோ உண்மை. முன்பெல்லாம் இடத்துக்காகப் படகுக்காரர்கள் ஒருவர் குலத்தை ஒருவர் இழுத்து நாறடிப்பார்கள். இப்போது வயர்லெஸைத் திறந்தால் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஒரே உபசாரம்.

"உள்துறை நிரம்பிவிட்டது," என்றது துறைக்காவல். "யாராவது பக்கத்தில் கட்டிக்கொள்ளச் சம்மதித்தால் உள்ளே வரலாம்."

மணி ஒன்றரை. நான்கு மணிக்குத் தென்மேற்கிலிருந்து சூறை வருகிறது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளித்துறையில் ஒரு முழம் மணல், அதற்குக் கீழே வழவழவென்று பாறை. சூறையில் அங்கே எந்த நங்கூரமும் நிற்காது. புருஷன் போனபின் தூத்துக்குடி வீட்டை விற்று அவள் வாங்கிய படகு இது. கரையில் அவளுக்கு ஒரு சன்னல்கூடக் கிடையாது. படகு போனால் முகவரியும் போச்சு.

ஆனாலும் எமரன்சி பதறவில்லை. உள்ளே கஸ்பாரண்ணன் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பதினைந்து வருடமாக இருவரும் துறைமுகம் துறைமுகமாகச் சந்தித்துக்கொண்டவர்கள். காற்று கெட்டுவிட்டால் கயிறு கேட்டு வந்தவரை யாரும் தள்ளுவதில்லை. தங்கள் படகின் பக்கவாட்டில், இடிபடாமல் இருக்க டயர்களைத் தொங்கவிட்டு, வீசுகிற கயிற்றைப் பிடித்துக் கட்டிக்கொள்வார்கள். அது பாய்ப்படகுக்காரர்களின் வழக்கம். கஸ்பாரின் கயிற்றை அவள் எத்தனை முறை பிடித்திருப்பாள், அவளுடையதை அவர் எத்தனை முறை பிடித்திருப்பார்.

அவள் குரலாள் அவர் படகிடம் இடம் கேட்டது. உடனே பதில் வந்தது.

"எமரன்சி, மன்னிச்சுக்கோம்மா. எம் பக்கத்துல ஏற்கனவே ரெண்டு படகு ஒட்டிக் கெடக்கு. மனசே கேக்கல. என்ன செய்ய?"

அச்சு அசலாகக் கஸ்பாரின் குரல். கஸ்பாரண்ணன் இல்லையென்றால் இல்லைதான் என்று அவள் நம்பினாள். மற்ற படகுகளையும் கேட்கச் சொன்னாள். பதினெட்டுப் பேர் வருந்தினார்கள். அவ்வளவு அழகாக யாரும் யாருக்கும் கையை விரித்திருக்க முடியாது.

வேறு வழியில்லாமல் வெளித்துறையில் நங்கூரத்தை இறக்கினாள். நாற்பது மீட்டர் சங்கிலி விட்டு, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, சங்கிலிமேல் உள்ளங்காலை வைத்துப் பார்த்தாள். தடதடவென்று அதிர்ந்தது. பாறையில் உராய்கிறது, பிடிக்கவில்லை. கரையில் கோயில் கோபுரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே நேராக வைத்துப் பார்த்தாள். இரண்டும் மெல்ல விலகின. படகு நழுவுகிறது. தூக்கி, இடம் மாற்றி, மறுபடி இறக்கினாள். மூன்றாம் முறை ஏதோ ஓர் இடுக்கில் நங்கூரம் மாட்டியது. காற்று இல்லாதவரை நிற்கும்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவள், சும்மாதான் தொலைநோக்கியை எடுத்து உள்துறையைப் பார்த்தாள். கஸ்பாரின் படகு தெரிந்தது. அதன் இடது பக்கம் வெறும் தண்ணீர். ஒரு படகுகூட இல்லை. மேல்தளத்தில் கஸ்பார் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பவும் இடம் ஆகலம்மா எமரன்சி. ஒன்ன நெனச்சுட்டேதான் இருக்கேன்," என்றது அவர் குரல் வயர்லெஸில். தொலைநோக்கியில் அவர் உதட்டில் கண்ணாடிக் குவளை இருந்தது. ஒரு மிடறு விழுங்கினார்.

எமரன்சி தொலைநோக்கியைக் கீழே வீசினாள். ரப்பர் தோணியை இறக்கி, மோட்டாரைத் தட்டிவிட்டு, பத்தே நிமிடத்தில் அவர் படகின் அருகே போய் நின்றாள்.

"இடமில்லன்னு சொன்னீங்கல்லா. அப்ப இது என்னதுண்ணே?"

கஸ்பார் திடுக்கிட்டு எழுந்தார். "எமரன்சியா? எப்ப வந்த? யாரு சொன்னா இடமில்லன்னு?"

"நீங்கதான் சொன்னீங்க. ஒங்க வாயால."

"ஏ, நீ வந்திருக்கதே எனக்கு இப்பத்தான தெரியும்."

அவர் உள்ளே போய்த் தம் குரலாளின் பதிவை ஓடவிட்டார். இருவரும் நின்று கேட்டார்கள். முடிந்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

"போன மாசி மாசம் கிளிஞ்சத்தீவுல நீ எனக்குச் சொன்னதத்தான் இது ஒனக்குச் சொல்லியிருக்கு," என்றார்.

"கிளிஞ்சத்தீவுல நான் ஒங்களப் பாக்கவே இல்லியே."

"பாக்கல. நான் எஞ்சின் நின்னுபோயி வெளிய கெடந்தேன். ஒம் பக்கத்துல கட்டிக்கிடட்டுமான்னு கேட்டேன். டயரெல்லாம் கிழிஞ்சு கெடக்கு, மன்னிச்சிருங்கண்ணேன்னு சொன்ன. ராவும் பகலும் ரெண்டு நாள் வெளியவே ஆடிக்கிட்டு கெடந்தேன். பெறகு உள்ள வந்து பாத்தா ஒம் படகுல எட்டு டயரும் புதுசா தொங்குது. ஒங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. இந்தப் பெட்டிக்கிட்டதான் சொன்னேன், இனி அவ கேட்டா நாசூக்கா கழட்டி விட்ருன்னு."

எமரன்சிக்கு நினைவு வந்தது. நான்கு நாள் தூங்காமல் ஓட்டி வந்து கிளிஞ்சல்தீவில் கட்டையாகச் சாய்ந்தது. சாயுமுன் தன் குரலாளிடம், யார் வந்தாலும் பேசி அனுப்பு, என்னை எழுப்பாதே என்றது. அனுப்பியிருக்கிறது. இவரையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது.

"அது நான் சொல்லலண்ணே. சத்தியமா. நான் தூங்கிட்டிருந்தேன்."

"அப்ப இதுவும் நான் சொல்லல."

"நீங்க அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. ரெண்டும் ஒண்ணா? நேரா வந்து செவுட்டுல ஒண்ணு குடுத்திருக்கலாம்லா. பதினஞ்சு வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க ஒங்களுக்கு வாய் வரலியா?"

கஸ்பார் குரலாளின் ஒயரைப் பிடுங்கினார். அதன் பச்சை விளக்கு அணைந்தது. "இந்தா, அணைச்சுட்டேன். போயி படகக் கொண்டா. நான் இங்கயே நிக்கேன், கயித்த எங் கையில போடு. நீயும் ஒன் பெட்டிய அணைச்சிரு. இனி வெறும் வாயாலயே பேசிக்கிடுவோம்."

"அணைச்சிருதேன்," என்றாள் எமரன்சி.

அவள் தன் படகுக்குத் திரும்புவதற்குள் வானம் கருத்துவிட்டது. சூறை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. நங்கூரத்தைத் தூக்கினாள். வாயிலில் நுழையத் துறைக்காவலிடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் குரலாள் வேண்டும். வாயில் தாண்டியதும் அணைத்துக்கொள்ளலாம் என்று விட்டாள். தாண்டியபோது மழை முகத்தில் அறைந்தது, கைக்கு வேலை வந்துவிட்டது. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. அதோடு, அவளை ஏமாற்றியது கஸ்பாரின் பெட்டிதானே. இது அவளுடையது, அவள் சொந்த வாய். அதன்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

படகு உள்துறையில் பாதி தூரம் வந்தபோது வயர்லெஸ் அலறியது.

"எமரன்சி, நில்லு. வராத. நில்லு. திரும்பிப் போ."

கஸ்பாரின் குரல். எமரன்சி நினைத்தாள்: என் கண்முன்னால் ஒயரைப் பிடுங்கிக் காட்டிவிட்டு, நான் முதுகைத் திருப்பியதும் மறுபடி மாட்டிவிட்டாரே. காதில் பூச் சுற்ற நான்தான் கிடைத்தேனா? அவள் வயர்லெஸின் சத்தத் திருகைக் கோபத்தோடு ஒரு திருகு திருகினாள். அது ஊமையாயிற்று.

ஒரு நொடி நிதானித்திருந்தால் அவளுக்கே விளங்கியிருக்கும். அந்தப் பேச்சில் மன்னிப்பு இல்லை, உபசாரம் இல்லை. குரலாள் அப்படிப் பேசாது, மனுசன்தான் பேசுவான். ஆனால் சூறையில் யார் நிதானிக்கிறார்கள்?

மழைக்குள் கஸ்பாரின் உருவம் தெரிந்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி வீசிக்கொண்டிருந்தார். எமரன்சிக்கு மனம் குளிர்ந்தது. பெட்டி எதையோ உளறட்டும், அதற்குக் கை கிடையாது. அண்ணன் கை காட்டி வாவென்கிறார். சற்று நேரத்தில் அவர் கையை இறக்கிவிட்டுக் குனிந்தார். கயிறு பிடிக்கத் தயாராகிறார் என்று நினைத்து எஞ்சினை முடுக்கினாள்.

கஸ்பாரின் படகுக்கு அப்பால் நின்றிருந்த சுற்றுலாக் கப்பல், சூறைக்குப் பயந்து, ஐந்து நிமிடம் முன்புதான் மணிக்கட்டுக் கனத்தில் ஒரு கயிற்றைக் கரையிலிருந்த கல்மேடைக்கு, அவள் வரும் வழிக்குக் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்தது. தண்ணீருக்கு அரை மீட்டர் கீழே அது கிடந்தது. சலேத் ராணியின் அடியில் சுழலும் விசிறியில் அந்தக் கயிறு மூன்று சுற்று சுற்றியது. எஞ்சின் இருமி நின்றது. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய்க் கல்மேடையின் மூலையில் மோதியது. இரண்டு மோதல் தாங்கிற்று. மூன்றாவதில் அடிவயிறு பிளந்தது. எமரன்சி மேடைப்படியில் குதித்தாள். ஓடிவந்த கஸ்பார் அவள் தோளைப் பற்றி மேலே இழுத்தார்.

அரைமணி நேரத்தில் பாய்மரத்தின் நுனி மட்டும் சாய்ந்து தெரிந்தது. சூறை ஓய்ந்து தூறலாகியிருந்தது. இருவரும் கல்மேடையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வெறும் வாயாலதான் சொன்னேன் எமரன்சி," என்றார் கஸ்பார். "பெட்டி இன்னும் அணைஞ்சே கெடக்கு. போயி வேணா பாரு."

அவள் போய்ப் பார்க்கவில்லை. அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது, ஒன்றைத் தவிர.

"பெறகு எதுக்கு கைய எறக்குனீங்க? நான் வந்துட்டேதான இருந்தேன். கடைசிவர வீசியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்லா. பாதியில விட்டுட்டுக் குனிஞ்சிட்டீங்களே. நல்லாருப்பீங்களா?"

கஸ்பார் அவள் பக்கம் திரும்பினார். அவள் கேலி செய்கிறாளோ என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நீதான சொன்ன," என்றார். "சரிண்ணே, புரிஞ்சுது, நின்னுட்டேன், ரொம்ப நன்றின்னு. ஒன் கொரலு. நம்பிட்டேன்."