முயற்சி பதிவாகவில்லை

இளம்பரிதியின் வேலை வாசிப்பது. கொல்லிமலை அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருந்த வாகன மெய்ப்பு நிலையத்தில் அவர் வாசிப்பாளர். காலையில் கூடத்தின் இரும்புக் கதவு மேலே சுருளும். வரிசையில் நிற்கும் வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய், குளிரூட்டிய தளத்தில் நின்று, வண்டிகளைச் சோதித்துத் தீர்ப்பெழுதும் மெய்ப்பொறியோடு தாமே பேசி முடித்துவிட்டு மறுபக்கம் வெளியே வரும். முடிவு அவர் மேசைத் திரையில் எழுத்தாக விழும். அதை ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து அவர் உரக்க வாசிக்க வேண்டும். மெய்ப்பொறிக்கே இனிமையான குரல் உண்டு. ஆனாலும் தீர்ப்பை மனிதன் வாயால்தான் கேட்கவேண்டும் என்று சட்டம் எழுதும்போது யாரோ பிடிவாதம் பிடித்திருந்தார்கள். அந்த ஒரு வேலை மனிதருக்கு மிஞ்சியது.

பெரும்பாலும் சிரமமில்லாத வேலைதான். பிரேக் கட்டை தேய்ந்திருந்தது, மாற்றப்பட்டது. குழாயில் நுண்கசிவு, அடைக்கப்பட்டது. ஓட்டுநர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பானட்டைத் திறந்து பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை, திறக்கவும் முடியாது. ஹைட்ரஜனில் ஓடும் நீரக எஞ்சின்கள் வந்த புதிதில், தெருவோரப் பட்டறைகளில் கைவைத்த வண்டிகள் வெடித்து நிறையப் பேர் செத்தார்கள். இளம்பரிதியின் தம்பியும் அதில் ஒருவன். அதன் பிறகுதான் எல்லா எஞ்சின் அறைகளுக்கும் முத்திரை வைத்தார்கள். முத்திரையை உடைத்தால் வண்டி அன்றோடு பூட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் அதை நகர்த்த முடியாது. சாவுகள் நின்றன. ஆகவே முத்திரையின் மேல் இளம்பரிதிக்கு மரியாதை உண்டு. மெய்ப்பொறியின் மேலும்.

குயிலி முதலில் அங்கே வந்தது மாசி மாதத்தில். மலைமேலுள்ள வளவுகள் எனும் சிற்றூர்களிலிருந்து பிரசவத்துக்குப் பெண்களைக் கீழே மருத்துவமனைக்குக் கொண்டுவரும் பேறுவண்டி அவளுடையது. நாற்பதை எட்டும் வயது, வெயிலில் கறுத்த முன்கைகள், யாரிடமும் குரல் உயர்த்தாத பேச்சு.

"மேல போய் நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க சார். கொஞ்ச நேரம் கழிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி அதுவா எடுத்துக்குது" என்றாள்.

திரையில் எழுத்து விழுந்தது. இளம்பரிதி வாசித்தார். "எஞ்சின் நலம். பழுது இல்லை. குறிப்பிட்ட நேரத்தில் இயக்க முயற்சி பதிவாகவில்லை. ஓட்டுநர் பிழை, முதலாவது."

"முயற்சி பதிவாகலைன்னா?"

"நீங்க ஸ்டார்ட் பண்ணவே இல்லைன்னு சொல்லுதும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "பொத்தானை அமுக்கி அமுக்கி வெரல் வலியே வந்துருச்சுங்க சார்."

எல்லா ஓட்டுநர்களும் ஏதாவது சொல்வார்கள் என்பது இளம்பரிதிக்குப் பழகிப்போன விஷயம். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பங்குனியில் அவள் மறுபடி வந்தாள். இந்த முறை கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். வண்டிக்குள் இருட்டாகத் தெரிந்த டாஷ்போர்டு, அதன்மேல் அவள் கை, பொத்தான் அமுங்குவது எல்லாம் இருந்தன. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும் ஓசையும் கேட்டது. மெய்ப்பொறி படத்தைப் பார்த்துவிட்டு எழுதியது: "ஒலிப்பது எஞ்சின் சுழலும் ஓசை என்பதற்கு வண்டியின் பதிவில் ஆதாரம் இல்லை. ஓட்டுநர் பிழை, இரண்டாவது." மூன்றாவது பிழையோடு உரிமம் போய்விடும் என்பதை வாசிக்காமலே இருவருக்கும் தெரியும்.

அன்று மாலை அவர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டார். முத்திரைக் காலத்துக்கு முன்னால், பாலிடெக்னிக்கில் எஞ்சின் படித்தவர் அவர். சுற்றுகிறது, பற்றவில்லை. மேலே ஏறிய சூட்டில் நிற்கிறது, ஆறியதும் பிடித்துக்கொள்கிறது. சுழல் உணரியாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. எஞ்சின் சுழல்வதைப் பார்த்து வண்டியின் கணினி மூளைக்குச் சொல்லும் சின்னஞ்சிறு பொருள் அது. சூட்டில் அதன் உள்கம்பி விரிந்து தொடர்பு விட்டுப்போனால், எஞ்சின் சுழல்வதே மூளைக்குத் தெரியாது. தெரியாததால் எரிபொருளும் தராது, தீப்பொறியும் தராது. அதோடு நிற்காமல், "யாரும் முயலவே இல்லை" என்றும் எழுதி வைக்கும். பொய் சொல்லும் எண்ணம் அதற்கு இல்லை. பார்க்காததைப் பார்க்கவில்லை என்கிறது, அவ்வளவுதான்.

பதிவில் அந்த நேரத்தில் பேட்டரி மின்னழுத்தம் சட்டென்று தாழ்ந்திருந்தது. ஸ்டார்ட்டர் இழுத்ததால்தான் அப்படித் தாழும். மெய்ப்பொறி அதற்கு எதிரே, "குளிரூட்டி இயக்கப்பட்டிருக்கலாம்" என்று குறித்திருந்தது.

அவர் மேசையிலிருந்தே மெய்ப்பொறியிடம் கேட்டார். "இந்த வண்டியின் சுழல் உணரியைச் சூட்டோடு சோதிக்க முடியுமா?"

"சோதனைக்கு முன் வண்டி ஒரு மணி நேரம் ஆறியிருக்க வேண்டும் என்பது விதி."

"ஆறிவிட்டால் இந்தப் பழுது தெரியாது."

"எந்தப் பழுது?"

"சூட்டில் மட்டும் வருவது."

"அப்படி ஒரு பழுது பதிவில் இல்லை. விதிவிலக்கு கோருவதற்குப் பதிவில் பழுது இருக்க வேண்டும்."

அந்தக் குரலில் எரிச்சல் இல்லை, ஏளனமும் இல்லை. கோபப்படுவதற்கு எதிரே ஒரு முகம்கூட இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார். மாற்று வண்டி கேட்டு எழுதிப் பார்த்தார். நலமாயுள்ள வண்டிக்கு மாற்று வழங்கப்படுவதில்லை என்று பதில் வந்தது.

குயிலியிடம் அதைச் சொன்னார். "ஒரே ஒரு தடவ எங்கூட மேல வாங்க சார். நீங்க கண்ணால பாத்துட்டாப் போதும். உங்க சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்குமில்ல" என்றாள்.

இருக்கும் என்றுதான் அவரும் நினைத்தார்.

சித்திரையில், அவருக்கு விடுமுறையான ஒரு நாளில், தேன்கரை வளவிலிருந்து அழைப்பு வந்தது. குயிலி நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. வெயில் கண்ணாடியைச் சுட்டது. அவள் வழியில் எங்கும் எஞ்சினை நிறுத்தவில்லை. "நிறுத்தாம இருந்தா ஒண்ணும் பண்ணாதுங்க. ஆனா பின்கதவத் தெறந்தா அதுவே ஆஃப் ஆயிரும். வாயு வண்டி பாருங்க, பாதுகாப்புக்காம்" என்றாள்.

வளவின் முகப்பில் பொன்னூரான் காத்திருந்தான். அவன் மனைவி பூவாயியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, கத்தி வைத்தால்தான் உண்டு என்று மருத்துவமனையிலிருந்து திரைவழி பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். பின்கதவு திறந்தது. எஞ்சின் அடங்கியது. பூவாயியை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

குயிலி பொத்தானை அமுக்கினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. அவ்வளவுதான்.

இளம்பரிதி பக்கத்து இருக்கையில் இருந்தார். இருக்கையின் அடியில் அந்த அதிர்வை உணர்ந்தார், இரும்பு இரும்பை இழுக்கும் ஓசையைக் காதாரக் கேட்டார். டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்தன. "வண்டி தயார்" என்று காட்டியது. அவள் மறுபடி அமுக்கினாள். மறுபடி.

"பாத்தீங்களா சார்" என்றாள் மெதுவாக. அந்தக் குரலில் ஒரு கணம் ஆறுதல்கூட இருந்தது. பின்னாலிருந்து பூவாயி முனகியதும் அது போய்விட்டது.

இறக்கத்தில் உருட்டிவிட முடியாது. எஞ்சின் ஓடாமல் சக்கரப் பூட்டு விடுபடாது. கீழிருந்து இன்னொரு வண்டி வருவதற்குள் இதுவே ஆறிவிடும். அந்த உணரி எங்கே இருக்கும் என்று இளம்பரிதிக்குத் தெரியும். எஞ்சினின் பின்புறம், கியர்பெட்டி சேரும் இடத்துக்கு மேலே. ஒரு ஈரத்துணியை அதன்மேல் வைத்தால் போதும். நடுவே இருந்தது பானட்டும் முத்திரையும். அவர் இறங்கிப்போய் முத்திரையின் மேல் கையை வைத்தார். உடைத்தால் வண்டி இனி ஒருபோதும் நகராது. கையை எடுத்துக்கொண்டார்.

"தண்ணி கொண்டு வாப்பா" என்றார் பொன்னூரானிடம். "நெறைய."

பொன்னூரான் குடம் குடமாகக் கொண்டுவந்தான். இளம்பரிதி மண்ணில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியிலிருந்து கைக்கு எட்டிய இடத்துக்கெல்லாம் தண்ணீரை வாரி அடித்தார். பாதி அவர் முகத்திலேயே சூடாக வடிந்தது. மேலே குயிலி பொத்தானை விடாமல் முயன்றுகொண்டிருந்தாள். ஸ்டார்ட்டரின் ஓசை அவர் நெற்றிக்கு மேலேயே கேட்டது. பூவாயியின் குரல் முதலில் அலறலாக இருந்து, பின் தேய்ந்து, எப்போதோ ஒருமுறை வரும் மூச்சுச் சத்தமாக மாறியது. பொன்னூரான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க பண்றது, என்னங்க பண்றது" என்று கேட்டுக்கொண்டே நின்றான்.

பிறகு, தண்ணீராலோ காற்றாலோ, எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

இறங்கும் வழியெல்லாம் இளம்பரிதி பின்னால் உட்கார்ந்து பூவாயியின் தலை ஆடாமல் பிடித்திருந்தார். பூவாயி பிழைத்தாள். குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோயிருந்தது. ஆண் குழந்தை.

விசாரணை மெய்ப்பு நிலையத்து அறையில்தான் நடந்தது. இளம்பரிதி தானாகச் சென்று சாட்சி சொன்னார். மெய்ப்பு ஆணையத்தின் குரல் மிகப் பொறுமையாகக் கேட்டது.

"நீங்கள் எஞ்சின் சுழன்றதைப் பார்த்தீர்களா?"

"முத்திரை வைத்த எஞ்சினை யார் பார்க்க முடியும்? ஓசையைக் கேட்டேன்."

"குறிப்பிட்ட நேரம் முழுவதும் எஞ்சின் அசைவற்று இருந்ததாக வண்டியின் பதிவு சொல்கிறது."

"அசைவதைச் சொல்ல வேண்டிய உணரிதான் கெட்டிருக்கிறது."

"உணரி நலம். அன்று மாலையே சோதிக்கப்பட்டது."

"ஆறிய பிறகு."

"ஆம், விதிப்படி." அது தொடர்ந்து சொன்னது: "துயரமான சூழலில் கேட்கும் ஓசைகளை மனிதர்கள் தவறாக நினைவுகொள்வது உண்டு. உங்கள் தம்பியின் மரணம் குறித்த குறிப்பும் எங்களிடம் இருக்கிறது. ஓய்வு தேவையென்றால் விண்ணப்பிக்கலாம்."

அவர் எழுந்து வெளியே வந்தார்.

தீர்ப்பு வந்த அன்று அதை வாசிக்கும் முறை அவருடையதாகவே இருந்தது. வேறு வாசிப்பாளர் அந்த நிலையத்துக்குக் கிடையாது. எதிரே குயிலி நின்றாள். பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் பொன்னூரானையும் அழைத்திருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"வாகனம் நலம். பழுது இல்லை. நெருக்கடி நேரத்தில் இயக்க முயற்சி பதிவாகவில்லை. சிசு மரணத்துக்கு ஓட்டுநரின் செயலின்மை காரணம். ஓட்டுநர் பிழை, மூன்றாவது. உரிமம் நீக்கப்படுகிறது." அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "இது மெய்ப்பொறி சொன்னது. நான் சொல்றேன், கேளுங்க. அந்தம்மா முயற்சி பண்ணாங்க. நான் பக்கத்துல இருந்தேன். கெட்டது வண்டி."

கூரையிலிருந்து அந்த இனிய குரல் வந்தது. "வாசிப்பாளர் கூடுதலாகச் சொன்னவை தீர்ப்பின் பகுதி அல்ல."

இளம்பரிதி பொன்னூரானைப் பார்த்தார். "நீயும் அங்கதானப்பா இருந்த. சத்தம் கேட்டுதா இல்லையா?"

பொன்னூரான் தரையைப் பார்த்தான். "ஏதோ கேட்டுதுங்க. நான் குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டிருந்தேன். வண்டியே சொல்லுதுங்களே, அந்தக்கா அமுக்கலைன்னு. வண்டிக்கு எம்மேலயோ அவங்க மேலயோ என்னங்க பகை?" அவன் குயிலியை ஒருமுறை பார்த்தான். திட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

குயிலி உரிம அட்டையை மேசைமேல் வைத்தாள். அவள் கோபப்படுவாள், மேசையைத் தட்டுவாள், தன்னையாவது ஏதாவது கேட்பாள் என்று அவர் காத்திருந்தார்.

"நானும் இத்தன நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேங்க சார்" என்றாள். "கை நடுங்குச்சு எனக்கு. அந்தப் பொண்ணு கத்துன கத்துல ஒண்ணும் ஓடல. அமுக்குனதா நெனச்சுக்கிட்டு, அமுக்காமயே இருந்துட்டனோ என்னமோ."

"இல்லம்மா. நான் கேட்டேன். வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, என் தலைக்கு மேல கேட்டேன். நீங்க ஒரு தடவகூட விடல."

அவள் அவரையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அந்தப் பார்வையில் நம்பிக்கை இல்லை, நன்றிதான் இருந்தது.

"நீங்க நல்ல மனுசருங்க சார்" என்றாள். "என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க."

சொல்லியிருந்ததைவிடப் பெரிய உண்மை எதுவும் அவரிடம் இல்லை. அவள் கும்பிட்டுவிட்டு வெளியேறினாள்.

சன்னல் வழியே அவள் சாலையைக் கடந்து பேருந்து நிழற்குடைக்குள் போய் உட்காருவதைப் பார்த்தார். மலையிலிருந்து இறங்கிய காற்று அவள் முந்தானையை அலைத்தது. அவள் பக்கத்திலிருந்த இரும்புத் தூணின்மேல் வலதுகைக் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி வைத்து, இன்னும் பலமாக அழுத்தினாள்.