அலுமாரிக்குப் பின்னால் ஒரு பாட்டு

ஜெயரூபி அக்கா வீட்டு அலுமாரி பாடும்.

சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். பின்னேரம் நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டுச் சனூஸாவின் கட்டிலில் ஏறி, சுவரில் காதை வைத்துப் பாருங்கள். உங்களுக்கும் கேட்கும்.

ஜெயரூபி அக்கா ‘உப்புக்காற்று’ என்ற ரொக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். குழுவின் பாட்டுகளை எழுதுபவரும் அவர்தான். பேஸ் கிட்டாருக்கு நான்கே கம்பிகள், ஆனால் ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்தால் தெருவே அதிரும். எதிர்வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அக்கா வீட்டில் பெட்டியைப் போடுவதில்லை. கிட்டாரின் தலையை மர அலுமாரியில் சாய்த்துவைத்து வாசிப்பார். அப்போது அலுமாரி முழுவதும் அதிரும். அந்த அலுமாரி இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோடு நிற்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் சனூஸாவின் கட்டில்.

பதினொரு வயது சனூஸாதான் திருகோணமலையிலேயே அக்காவின் முதல் ரசிகை. அப்படித்தான் அவள் சொல்லிக்கொள்வாள்.

“மற்றக் கிட்டாருக்கு ஆறு கம்பி இருக்கு. உன்ட அக்காவுக்கு நாலுதான். மிச்சம் ரெண்டையும் மான் தின்டுட்டுதோ?” என்று, அவள் ‘நானா’ என்று அழைக்கும் அண்ணன் ஹஸ்மி கேட்பான். அவர்கள் ஊரில் மான்கள் தெருவில் திரியும். கடதாசி, வாழைப்பழத்தோல் என்று கண்டதையும் தின்னும்.

“நானா, உங்களுக்கு ஒண்டும் விளங்காது. மற்ற ஆக்கள் பத்து அடி அடிக்கிற இடத்தில அக்கா ஒரே ஒரு அடி அடிப்பா. அது போதும்.”

“பாவம், களைச்சுப் போயிருப்பா.”

அவன் பகிடிக்குச் சொன்னாலும் அது உண்மைதான். அக்கா மிகவும் களைத்துப் போயிருந்தார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஐஸ் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மீன் வள்ளங்களுக்கு ஐஸ் ஏற்ற விடியவே போய்விடுவார். கூட வேலை செய்தவர்களில் இரண்டு பேர் அந்த மாதம் விலகியதால் அவர்களுடைய வேலையும் அவர் தலையில் விழுந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் தெருவாசல் படலையில் ரசிகர்கள் நிற்பார்கள். ஒருநாள் குச்சவெளியிலிருந்து மூன்று பெண்பிள்ளைகள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

“அக்கா, பாட்டு எழுத முதல் என்ன செய்யோணும்?”

“முதல்ல நல்லா நித்திரை கொள்ளோணும்” என்றார் அக்கா, கொட்டாவியை அடக்கியபடி. அந்தப் பிள்ளைகள் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. படலையில் சாய்ந்துகொண்டு சரியாகவே சொன்னார்.

“நான் சொல்லை முதல்ல எழுதமாட்டன். பேஸ்தான் முதல். மனசுக்கு வாற மெட்டை வாசிப்பன். அதை எழுதியும் வைக்கமாட்டன், ரெக்கோட்டும் பண்ணமாட்டன். மூண்டு நாள் விட்டுப் பார்ப்பன். நாலாம் நாள் தானா விரலுக்கு வந்தா அது பாட்டு. வராட்டி அது கடலுக்கு.”

“பிழையா வந்தா?”

“பிழையான மெட்டு கட்டாயம் வரும். எனக்கே அலுத்துப்போற வரைக்கும் அதை வாசிச்சுத் தீர்ப்பன். அது போனாத்தான் சரியானது உள்ளுக்கு வரும்.”

சனூஸா இதையெல்லாம் மதிலுக்கு மேலால் கேட்டுக்கொண்டு நின்றாள். கேட்டும் என்ன பயன்? அவள் செய்த வேலையைப் பாருங்கள்.

சனிக்கிழமை கடற்கரையில் ‘உப்புக்காற்று’ பாடப்போகிறது, புதுப்பாட்டு ஒன்றும் வரும் என்று ஊரெல்லாம் கதை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சுவர் வழியாக ஒரு துள்ளல் மெட்டு வந்தது. டும்டும் டகடும், டும்டும் டகடும். சனூஸாவால் பொறுக்க முடியவில்லை. உம்மாவின் போனை எடுத்துச் சுவரோடு பிடித்தாள். பதிந்ததை ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். ‘புதுப்பாட்டு வருது!!!’ என்று கீழே எழுதினாள். போன் உம்மாவுடையது என்பதால் அந்தக் குழுவில் எல்லோரும் அவளை ‘நஸ்ரியா ஆன்ட்டி’ என்றுதான் அழைப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் இதயங்கள் வந்து குவிந்தன. ‘நஸ்ரியா ஆன்ட்டி, நீங்க வேற லெவல்!’

திங்கட்கிழமை வகுப்பில் மேசை தட்டுபவர்கள் எல்லாம் டும்டும் டகடும் என்றே தட்டினார்கள். செவ்வாய்க்கிழமை ஓட்டோக்கார இன்ஷாப் அதைத் தன் போன் மணியாக வைத்துவிட்டார். சனூஸாவுக்குப் பெருமையாக இருந்தது. அக்காவுக்கு இது தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை அலுமாரி பாடவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்கா தன் வீட்டு வாசலில் கதிரையில் இருந்தார். ஐஸ் தொழிற்சாலையில் போடும் ரப்பர் சப்பாத்து ஒன்று கழற்றியபடி கிடந்தது. மற்றது காலிலேயே இருந்தது. அதைக் கழற்றக்கூட அவருக்குத் தெம்பில்லை.

“அக்கா, வாசிக்கல்லையா?”

“ஏலாது சனூஸா. என்ட காது நிறைஞ்சு போச்சு.” அக்கா கண்ணை மூடிக்கொண்டே பேசினார். “ஆரோ என்ட மெட்டை ரெக்கோட் பண்ணி அனுப்பியிருக்கினம். ஐஸ் ஏத்துற பெடியன்கள் விசிலடிக்கிறாங்கள். கடைக்குப் போனா அங்கயும் அதுதான். அது பிழையான மெட்டு பிள்ளை. வாசிச்சுத் தீர்த்துத் துரத்துவம் எண்டு வாசிச்சது. இப்ப ஊரே சேர்ந்து பாடுது. அது எப்பிடிப் போகும்? அது போகாம எப்பிடி வேறொண்டு வரும்?”



“அப்ப சனிக்கிழமை?” என்று கேட்டாள் சனூஸா.

“புதுப்பாட்டு இல்லையெண்டு சொல்லப்போறன். அதோட, கொஞ்சக் காலத்துக்குப் பாட்டு எழுதுறதையே விடலாம் எண்டு யோசிக்கிறன். வேலையும் பாட்டும் ரெண்டும் ஏலாது எனக்கு.”

சனூஸா வீட்டுக்குள் ஓடினாள். உம்மாவின் போனை எடுத்து, ‘தயவு செய்து எல்லாரும் அந்த மெட்டை அழிச்சு விடுங்க’ என்று குழுவில் எழுதினாள். ‘எந்த மெட்டு?’ என்று ஒருவர் கேட்டார். ‘இது’ என்று இன்னொருவர் அதையே திரும்பவும் அனுப்பினார். மேலும் பதினெட்டு இதயங்கள் வந்தன.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போனில் அழித்தாலும் ஆட்களின் காதுக்குள் போனதை எப்படி அழிப்பது?

சொல்லாமல் விடலாம்தான். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தது யாரென்று யாருக்குத் தெரியும்? ஆனால் அக்காவின் காலில் இருந்த அந்த ஒற்றைச் சப்பாத்து அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனாள். குனிந்து, அந்தச் சப்பாத்தை இழுத்துக் கழற்றினாள். பிறகு சொன்னாள்.

“அக்கா, ரெக்கோட் பண்ணி அனுப்பினது நான்தான்.”

அக்கா கண்ணைத் திறந்தார்.

“கோவிக்கவும் தெம்பில்லை சனூஸா” என்றார்.

ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சனூஸாவுக்கு இருந்தது. இனி அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த நினைவு வந்தது.

“அக்கா, அப்ப மற்ற மெட்டுக்கு என்ன நடந்தது? கரண்ட் போன அண்டைக்கு வாசிச்சீங்களே, அது?”

“எது?”

“போன கிழமைக்கு முந்தின கிழமை. செவ்வாய்க்கிழமை. சரியான வெக்கை. நீங்க வேலையால வந்த உடனே வாசிச்சீங்க. நல்ல ஆறுதலா இருந்தது. பிறகு நடுவிலேயே நிண்டுட்டுது.”

அக்கா நெற்றியைச் சுருக்கினார். “அண்டைக்கு நான் கிட்டாரோடயே நித்திரையாப் போயிட்டன். என்ன வாசிச்சன் எண்டு எனக்கே தெரியாது. ரெக்கோட் இருக்கா?”

“இல்ல. போன்ல சார்ஜ் இல்ல.”

“அப்ப போச்சு” என்று அக்கா மறுபடி கண்ணை மூடினார்.

“எனக்குத் தெரியும் அக்கா! இருங்க, பாடிக் காட்டுறன். டூம்... டூம்...”

அந்த நேரம் பார்த்து இன்ஷாபின் ஓட்டோ தெருவால் போனது. உள்ளே போன் அலறியது. டும்டும் டகடும், டும்டும் டகடும்!

அவ்வளவுதான். சனூஸாவின் தலைக்குள் எல்லாம் கலைந்து போனது. மறுபடி தொடங்கினாள், டகடும் என்று முடிந்தது. இன்னொருமுறையும் அப்படியே.

“விடு பிள்ளை” என்றார் அக்கா.

சனூஸா விடவில்லை. அந்த மெட்டு வந்த மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்கு அதோடுதான் நடந்தாள். வாயால் பாடியதைவிடக் காலால் நடந்ததுதான் அதிகம். எழுந்து முற்றத்தில் நடக்கத் தொடங்கினாள். சுவரிலிருந்து படலைக்கு, படலையிலிருந்து கிணற்றடிக்கு.

இரண்டாம் சுற்றில் அது தானாக வந்தது.

“டூம்... டூம்... டுடூம்...” அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாமல் நாலடி நடந்தாள். “...டூம்.”

அக்கா கதிரையில் நிமிர்ந்தார்.

“அந்த இடைவெளி அவ்வளவு நீளமா?”

“ஓம். சரியா நாலு அடி. புத்தகப்பை பாரமா இருந்தா அஞ்சு.”

அக்கா வெறுங்காலோடு உள்ளே போனார். கிட்டாரை எடுத்து அலுமாரியில் சாய்த்தார். வாசித்தார். “இப்பிடியா?”

“இங்க இருந்து கேட்டா எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போய்க் கேக்கிறன். பிழையெண்டா ஒரு தட்டு, சரியெண்டா ரெண்டு தட்டு!”

ஓடிப்போய்க் கட்டிலில் ஏறிச் சுவரில் காதை வைத்தாள். அலுமாரி பாடியது. சனூஸா ஒரு தட்டு தட்டினாள். மறுபடி பாடியது. இன்னும் ஒரு தட்டு.

“என்ன, பேயோட கதைக்கிறியா?” என்று ஹஸ்மி எட்டிப் பார்த்தான்.

“உஷ்!”

மூன்றாம் முறை அக்கா மிக மெதுவாக வாசித்தார். வேலை முடிந்து வருகிற ஆள் எப்படி நடப்பாரோ அப்படி. டூம்... டூம்... டுடூம்... பிறகு ஒரு நீண்ட மௌனம். ஹஸ்மியும் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டூம்.

சனூஸா இரண்டு தட்டு தட்டினாள். கை வலிக்கத் தட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, மதிலுக்கு மேலால் அக்காவின் தலை தெரிந்தது. முகம் இன்னும் களைத்துத்தான் இருந்தது, ஆனால் சிரித்தது.

“அந்த மெட்டை நான் வாசிச்சு இண்டைக்கு எத்தனை நாள்?”

“பதினைஞ்சு நாள் அக்கா.”

“நான் மூண்டு நாள்தான் கேப்பன். என்ட விரலுக்கு வரல்ல, உன்ட காலுக்கு வந்திருக்கு. அப்ப அது பாட்டுத்தான்.” அக்கா போகத் திரும்பி, நின்றார். “சனூஸா, இதை ஆருக்கும் அனுப்பிப்போடாத.”

“அல்லாஹ்வே, இல்லக்கா!”

வெள்ளிக்கிழமை சொற்களும் வந்துவிட்டன.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், கடற்கரை மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். அக்கா மேடையில் ஏறியதும் நூறு வாய்கள் டும்டும் டகடும் என்று தொடங்கின. அவர்கள் பாடி ஓயும்வரை அக்கா கம்பியில் விரலை வைத்தபடி காத்துக்கொண்டு நின்றார். பிறகு தனியாகத் தொடங்கினார்.

டூம்... டூம்... டுடூம்...

அந்த இடைவெளியில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. குழந்தைகளைத் தோளில் வைத்திருந்தவர்கள் மெல்ல ஆடினார்கள். குச்சவெளிப் பிள்ளைகள் கொப்பியை மூடிவிட்டார்கள்.

‘போன வள்ளம் வந்தாச்சு, பொழுதே நீயும் உட்காரு’ என்று பாட்டு தொடங்கியது. ஐஸ் ஏற்றுகிற பெடியன்கள் விசிலடிக்கவில்லை. ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணல் விழுந்துவிட்டது என்றான்.

பாட்டு முடிந்ததும் சனூஸா ஹஸ்மியைப் பார்த்தாள்.

“சரி, சரி” என்றான் அவன். “நாலு கம்பி போதும்தான்.”

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உம்மாவின் போன் ஓயாமல் அடித்தது. ‘ஆராவது நேத்துப் பாட்டை ரெக்கோட் பண்ணினீங்களா? நஸ்ரியா ஆன்ட்டி, உங்களிட்ட இருக்குமே!’

சனூஸா யோசித்து யோசித்து எழுதினாள். ‘என்னட்ட இல்ல. மூண்டு நாள் பொறுங்க. உங்களுக்கே ஞாபகம் வரும்.’

பிறகு கட்டிலில் ஏறிச் சுவரில் காதை வைத்தாள். அலுமாரி பாடவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று ஒரே தாளத்தில், ஆழமாக, இழுத்து இழுத்துக் கேட்டது.

ஹஸ்மியும் வந்து காதை வைத்தான். அவன் கண்கள் விரிந்தன.

“இது அக்காட குறட்டையெல்லோ! கெதியா ரெக்கோட் பண்ணு, குழுவுக்கு அனுப்புவம்!”

சனூஸா போனைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு, அந்தக் குறட்டையை முழுதாகக் கேட்டாள்.