கறை படாத ஓரம்

வேம்பு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தபோது கொளஞ்சியப்பன் லாரித் தார்ப்பாயின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பக்கங்க இல்லண்ணே. இன்னும் எவ்வளவு இருக்குன்னு பொரட்டுனப்பதான் பார்த்தேன். அதைக் கிழிச்சு நான் அடுப்பு பத்த வச்சிட்டேங்கிறாரு ராஜதுரை. இனிமே எனக்குப் புத்தகம் கெடையாதாம்."

ஜெயங்கொண்டத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு துப்பறியும் நாவல் வாங்கியிருந்தார்கள். முறை வைத்துப் படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவரசனின் டீக்கடையில் பேசுவார்கள். எல்லாரும் முடிக்கும்வரை கொலையாளி யார் என்று யாரும் சொல்லக்கூடாது. முதலில் பைண்டிங் வேலை செய்யும் பாலசுந்தரம் படித்தார். அடுத்து அவருடைய அக்கா புருஷன் ராஜதுரை. பிறகு வேம்பு. கொளஞ்சியப்பனுக்கும் அறிவரசனுக்கும் இன்னும் முறை வரவில்லை.

வேம்பு முந்திரிக்கொட்டை உடைப்பவள். நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவள். சொந்தமாகப் புத்தகம் வாங்க வழியில்லை. இந்தக் கூட்டம் போனால் படிப்பும் போனது.

விஷயம் கேட்டு ஓடிவந்த அறிவரசன், ராஜதுரைதான் கிழித்திருப்பார், உடனே போய்ப் பிடிப்போம் என்று குதித்தான். கொளஞ்சியப்பன் பக்கங்களைப் புரட்டினார். பாதிப் புத்தகம்வரை ஒவ்வொரு வரிக்கும் கீழே கருப்புத் தடம். பிறகு தடம் இல்லை. கடைசியில், தையலோரம் பிளேடு போட்டதுபோல் நேராக ஒரு வெட்டு.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். புத்தகம் தன் கையில் இருந்தபோது பக்கங்கள் முழுசாக இருந்ததாகவும், முடிவு பிரமாதம் என்றும் ராஜதுரை சொன்னார்.

கொளஞ்சியப்பன் வேம்புவின் கையை நீட்டச் சொன்னார். விரல்கள் கருத்திருந்தன.

"இது கொட்டை ஓட்டு எண்ணெய். எந்த சோப்புக்கும் போகாது. இந்தக் கையால தையலை அமுக்கிப் புடிச்சு அறுத்திருந்தா அங்க கறை இருக்கணும். இல்ல. அப்போ இவகிட்ட வர்றதுக்கு முன்னாடியே பக்கம் போயிருச்சு."

"அப்போ இவருதானே" என்று அறிவரசன் ராஜதுரையைக் காட்டினான்.

"டீயில சர்க்கரை கொறஞ்சாலே சண்டைக்கு வர்றவரு. முடிவில்லாத புத்தகத்தைப் படிச்சிட்டு சும்மா இருப்பாரா? அவரு கடைசிவரைக்கும் படிக்கவே இல்ல. அறுத்தவன் பக்கத்தைத் திரும்ப ஒட்டணும்னு நெனச்சிருக்கான். இல்லன்னா இவ்வளவு பதமா அறுக்க மாட்டான். நம்மள்ல அந்த வேலை தெரிஞ்சது ஒருத்தருக்குத்தான்."

பாலசுந்தரம் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"இவரு எதையும் படிக்காமலே வாரா வாரம் பெருமை பேசுவாரு. பக்கத்தைக் காணோம்னு கேக்கறாரான்னு பார்த்தேன். கேக்கல. பழி இந்தப் புள்ள மேல விழுந்துச்சு. அக்கா புருஷனாச்சே, நாலு பேரு முன்னாடி எப்படிச் சொல்றது?"

"உங்க மாமன் மச்சான் வெளையாட்டுக்கு நான் திருடியா?" என்றாள் வேம்பு.

அவள் தாள்களைப் படிக்காமல், விட்ட பக்கத்தைத் திறந்து அங்கேயே விரலை வைத்தாள். மற்றவர்கள் எழுந்து போனபின் ராஜதுரை தயங்கி நின்றார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது என்று முணுமுணுத்தார்.

"முடிச்சதும் கொன்னது யாருன்னு எனக்கு மட்டும் சொல்லிடு வேம்பு."

"உங்ககிட்டயே தரேன். விரல் வச்சுப் படிங்க" என்றாள் அவள், தலை நிமிராமல்.