ஊசி தாவாத இடம்

இசைத்தட்டில் தாவ வேண்டிய இடத்தில் ஊசி தாவவில்லை.

வயலின் மெல்ல மேலேறி, உச்சியில் மூச்சுப்பிடித்து நின்று, பிறகு 'டக்' என்று இடறி விழ வேண்டும். சின்ன வயதிலிருந்து அவள் காதுக்குள் அந்த வயலின் அப்படித்தான் இடறிக்கொண்டிருந்தது. இன்று இடறாமல் வழுக்கிக்கொண்டு போனது. அதே கணத்தில், மகள் படம் வரைந்துகொண்டிருந்த உள்ளறையில் ஏதோ மொத்தென்று மோதும் சத்தம்.

"குட்டி, என்ன விழுந்துச்சு?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஒண்ணுமில்லம்மா."

"எங்க தாவுது? நல்லாத்தானே பாடுது" என்றான் சோபாவில் கால் நீட்டிக் கிடந்த கணவன். "ஊர்ல உள்ளவங்க காதையெல்லாம் டெஸ்ட் பண்ற டாக்டரம்மா மொதல்ல தன் காதை டெஸ்ட் பண்ணணும்."

அதுதான் அவள் வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறையில் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, எறும்பு நடப்பதுபோல மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பிக் கேட்கிறதா என்று பார்ப்பது. அவள் காது ஏமாறாது.

போன மாதம் அப்பா இறந்தார். அவருடைய ரெக்கார்டு பிளேயரும் தட்டுகளும் பெட்டியில் வந்து சேர்ந்தன. அட்டை உறைகளில் இன்னும் சிகரெட் வாசம். அவர் ரசனையைப் புகழாதவர்கள் கிடையாது. "உங்க வீட்ல எப்பவும் பாட்டுதான், கொடுத்துவச்சவங்க" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் பாட்டு எதற்கென்று வீட்டுக்குள் இருந்த மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அம்மாவின் சின்னத் தப்புக்கு வயலின். பெரிய தப்புக்கு டிரம்ஸும் டிரம்பெட்டும் அலறும் நடன இசை. இவளுக்கென்று தனியாகக் குழந்தைப் பாடல்கள். அப்பா தட்டைச் சட்டை நுனியால் துடைப்பார். ஊசி முனையில் 'ஃபூ' என்று ஊதுவார். ஸ்பீக்கரில் அது புயல்போலக் கேட்கும். ஊசியை வைத்து, சத்தத்தைக் கூட்டி, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். தப்புச் செய்தவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பாட்டு முடியும்வரை அழக்கூடாது.

அடி தாங்காமல் யாராவது அந்த மேஜையில் போய் விழுந்தால் ஊசி துள்ளித் தட்டைக் கீறிவிடும். வயலினில் இருந்த கீறல் அம்மாவின் தோள். நடன இசையில் அம்மாவின் வாய். குழந்தைப் பாட்டில் இருந்தது இவளுடைய நெற்றி.

கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்ல வாயெடுத்தாள். "மாமாவா? அவ்வளவு ரசனையான மனுஷனா?" என்று கணவன் சிரித்துவிட்டான். இப்போது அம்மாவும் இல்லை. அந்த மூன்று கீறல்களையும் தன் நெற்றித் தழும்பையும் தவிர வேறு சாட்சி இல்லை. இன்று கீறல்களைக் கேட்கவைத்து அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று இருந்தாள்.

நடன இசைத்தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மழை மூட்டத்தின் மங்கிய வெளிச்சத்தில் தட்டு கருகருவென்று மின்னியது. ஒரு கோடுகூட இல்லை. ஓடவிட்டாள். டிரம்பெட் வீறிட்டு உயரும் இடம் வந்தது. கடந்து போனது. உள்ளறையில் மறுபடி அந்தச் சத்தம். இந்தமுறை பலமாக.

"குட்டி?"

"ஒண்ணுமில்லம்மா." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது.

அவள் எழுந்தாள்.

"மனுஷன் எப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருக்கார் பாரு" என்றான் கணவன். "ஒரு கீறல் கிடையாது. நீயா எதையாவது கற்பனை பண்ணிக்கிற."

உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். 'கற்பனை' என்ற சொல் அவளைப் பிளேயர் பக்கம் திருப்பியது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. கேளுங்க."

"நீயே கேளு தாயே. பால் தீந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடறேன்." குடையை எடுத்தவன் வாசலில் திரும்பினான். "சத்தமாவே வை. பாட்டுக்கு யாரு சண்டைக்கு வரப்போறா?"

கதவு சாத்திக்கொண்டது.

மூன்றாவது தட்டில் குழந்தைகள் கூட்டமாகப் பாடத் தொடங்கினார்கள். கைதட்டல். கிலுகிலுப்பை. இரண்டாவது பாட்டில் ஆட்டுக்குட்டி கத்தும், அங்கேதான். அவள் கை பழக்கத்தில் நெற்றி முடிக்குள் போய்த் தழும்பைத் தேடியது.

வழவழவென்று இருந்தது.

இன்னும் கொஞ்சம் மேலே தடவினாள். பக்கத்தில். எங்கும் இல்லை.

ஆட்டுக்குட்டி கத்தியது.

உள்ளறையில் மொத்தென்று ஒரு சத்தம்.

ஓடினாள்.

கலர் பென்சில்கள் தரையெங்கும் உருண்டு கிடந்தன. மகள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். ஒரு தோள் இறங்கித் தொங்கியது. பக்கவாட்டில் தெரிந்த முகத்தில் கீழுதடு கிழிந்திருந்தது. நெற்றி முடிக்குள்ளிருந்து ரத்தம் இறங்கி மூக்கு நுனியில் சொட்டாகத் திரண்டு நின்றது. கண்ணில் மட்டும் ஒரு பொட்டு நீர் இல்லை.

"குட்டி! யாருடி? யாரு அடிச்சா?"

மகள் திரும்பவில்லை. உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

"கத்தாதம்மா. பாட்டு இன்னும் முடியல."

கூடத்தில் பாட்டு நின்றது.

தட்டைப் புரட்டும் ஓசை. துணி உரசும் ஓசை.

ஃபூ.

சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. அதற்கு அடியில், மேஜைமேல், கடிகாரத்தை வைக்கும் சின்ன 'டிக்'. அவள் காது ஏமாறாது.

சிகரெட் வாசம் அறை வாசல்வரை வந்துவிட்டது. மகளை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். ஓட வேண்டும்.

அவள் கைகள் மெல்லப் பின்னால் போய், தாமாகவே கட்டிக்கொண்டன.