வாய்மாற்று

எங்கள் அலுவலகக் கதவு முகத்தைப் பார்க்காது, கழுத்தைத்தான் பார்க்கும். கழுத்தில் ஒட்டியிருக்கும் நடுக்கமானி அன்றைய பதற்ற எண்ணைக் காட்டினால் திறக்கும். அன்று எனக்கு ஐம்பத்தெட்டு. லிஃப்டில் இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னார்கள்.

கூட்டத்தில் பேசும்போது எண் எழுபதைத் தாண்டினால் உட்கார்ந்துவிட வேண்டும். மீதியைப் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவார். இதற்கு வாய்மாற்று என்று பெயர். பதறுகிறவர்களின் நலனுக்காகக் கொண்டுவந்த சட்டமாம். பேசி முடித்தவர் பெயரில்தான் வேலை பதிவாகும். மூன்று முறை வாய் மாறினால் பேச்சில்லாத மாடிதான். அங்கே போனவர்கள் யாரும் திரும்பிக் கீழே வந்ததில்லை.

எனக்கு இரண்டு முறை மாறிவிட்டது. இரண்டு முறையும் பக்கத்து நாற்காலியில் என் குழுத் தலைவர் தயாபரன். கடல்நீரைக் குடிநீராக்கி நகரத்துக்குப் பிரித்தனுப்பும் திட்டம் முழுக்க நான் எழுதியது. நான் எழுந்ததும் காதருகே, "பாத்துப் பேசு செங்கொடி, உங்க வீட்ல நீதான் மொத டிகிரி. சொதப்பிடாத," என்பார். கேட்பதற்கு அக்கறைபோல இருக்கும். எண் எகிறும். திட்டம் அவர் பெயருக்குப் போகும்.

எட்டு மாதம் மருத்துவரிடம் பயிற்சி எடுத்தேன். பயப்படுவதைச் சின்னச் சின்னதாகச் செய்யச் சொன்னார். நெரிசல் பேருந்தில் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். ஓட்டலில் சட்னி புளிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன். கை வியர்த்தது, ஆனால் செத்துப்போகவில்லை. பேசும்போது உன் நெஞ்சைக் கவனிக்காதே, எதிரில் இருப்பவரைக் கவனி என்றார். அதை மட்டும் நான் முழுசாக எடுத்துக்கொண்டேன். தயாபரனைக் கவனித்தேன். பழைய பதிவேட்டைத் தோண்டினேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவருக்கும் இரண்டு முறை வாய் மாறியிருந்தது.

அன்றைய கூட்டத்தில் எழுந்தேன். காதருகே அதே வாசகம். என் எண் அறுபத்தாறு. நான் அவர் முகத்தையே பார்த்தபடி சொன்னேன்: "திட்டம் சார் பேர்ல பதிவாயிருக்கு. மூணாவது வால்வ எதுக்குப் பாதி மூடி வைக்கிறோம்னு அவரே சொல்லட்டும்."

அவர் எழுந்தார். ஏதோ தொடங்கினார், நிறுத்தினார், தொண்டையைச் செருமினார். அவர் கழுத்தில் ஐம்பது, அறுபத்து மூன்று, எழுபத்து நான்கு. இப்போது பக்கத்து நாற்காலி என்னுடையது.

"செங்கொடி," அவர் குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு நிமிஷம் விடும்மா. தண்ணி குடிச்சிட்டு நானே சொல்லிடறேன்."

பக்கத்து நாற்காலி சம்மதித்தால் விதியில் அதற்கு இடம் உண்டாம். இரண்டு முறை நான் உட்கார்ந்தபோதும் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"சம்மதமில்லைங்க சார்," என்றேன்.

நாற்பது நிமிடம் பேசினேன். என் எண் முப்பத்தொன்றுக்கு இறங்கியது. அத்தனை மாதப் பயிற்சியில் ஒருநாளும் அவ்வளவு இறங்கியதில்லை. முடித்துவிட்டு, கேள்வி உண்டா என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். என் பார்வை பட்ட கழுத்திலெல்லாம் எண் ஏறியது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.