ஒரு டீ முடிவதற்குள்

"அக்கா, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ‘நான்தான் செஞ்சேன்’னு எழுதிக் குடுக்கணுமாம். இல்லன்னா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்களாம்."

சிம்ரன் இதைச் சொன்னபோது வியாழக்கிழமை காலை பத்து மணி. ஒலி முகமது பேட்டையில் இருந்த அந்தச் சின்னக் கடையின் பலகையில் ‘கம்ப்யூட்டர் ரிப்பேர்’ என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் கடைக்காரி மெஹதாப் பதினோரு வருடம் சென்னையில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விசாரணைப் பிரிவில் வேலை பார்த்தவள். கீபோர்டில் டீ கொட்டியவர்களும் அவளிடம் வருவார்கள், தலையில் பழி விழுந்தவர்களும் வருவார்கள். இரண்டு பேரிடமும் அவள் ஒரே குரலில்தான் பேசுவாள்.

"யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்?" என்றாள்.

வாசலில் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்த அப்பாதுரை முந்திக்கொண்டார். "பிள்ளையார்பாளையம் தினகரன் முதலாளிதான மேடம்? ஊரே பேசிக்கினு இருக்குது. எனக்கு அந்த ஆளு மேலயே டவுட்டு."

அப்பாதுரைக்கு யார் மேல்தான் டவுட்டு இல்லை? ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு ஆட்டோ ஓட்டுவதைவிட மெஹதாபுடன் துப்புத் துலக்கப் போவது பிடித்த வேலையாகிவிட்டது. சவாரி போனால் போகட்டும் என்று வந்து நின்றுவிடுவார்.

சிம்ரன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள். பக்கத்தில் இருக்கும் தாமல் கிராமத்தைச் சேர்ந்தவள். அம்மா எல்லம்மாள் கழனி வேலைக்குப் போய் அவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். இப்போது தினகரனின் பட்டுச் சேலை நிறுவனத்தில் டிசைன் அறை அவள் பொறுப்பு. அங்கே எட்டு தறிகள், எல்லாவற்றிலும் சேலை உருவங்களுக்கு நூலைத் தூக்கித் தரும் எலெக்ட்ரானிக் ஜக்காடு பெட்டி. டிசைனைத் தறிக்குப் புரியும்படி மாற்றித் தரும் புரோகிராமை இணையத்தில் இலவச சோர்ஸ் கோடாக இறக்கி, அறையிலிருந்த பழைய கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்து, அதாவது அந்த மெஷினுக்குப் புரியும் புரோகிராமாக மாற்றிப் போட்டவள் அவள்தான். ரெடிமேடாகக் கிடைத்த எதையும் அந்தக் கிழட்டு மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை.

"மூணு புது பேட்டு டிசைன் அக்கா, சேலைக் கரைக்குப் போடறது. முகூர்த்த சீசனுக்குன்னு வெச்சிருந்தாங்க. நாங்க தறியில ஏத்தறதுக்கு முன்னாடியே வேற ஊர்க் கடையில சேலையா தொங்குது. பாலாஜி சாரு கம்ப்யூட்டரைத் தோண்டிப் பார்த்தாரு. முதலாளியோட அக்கா பையன் அவரு. நான் போட்ட புரோகிராம் ஒவ்வொரு டிசைனையும் யாருக்கோ அனுப்பிக்கினே இருந்திருக்குது."

"அது உண்மையா?"

"உண்மைதான் அக்கா. நானே பார்த்தேன். ஆனா என்கிட்ட இருக்கற சோர்ஸுல அப்படி ஒரு வரி கூட இல்ல. நான் அழிச்சிட்டேன்னு சொல்றாங்க. நேத்து எட்டு தறியையும் நிறுத்தச் சொன்னாரு முதலாளி. எல்லாரும் கேட்கற மாதிரி ‘எங்க டிசைனைத் திருடினவ இவதான்’னாரு. எங்க தெரு ஆளுங்க வேலை செய்யற இடத்துல ஒண்ணு காணோம்னா மொதல்ல எங்க பையைத்தான் அக்கா திறப்பாங்க. இந்த ஊர்ல இனிமே எந்தத் தறிக்கூடத்துல என்னை உள்ள விடுவாங்க? அம்மா நேத்துலருந்து சாப்பிடல."

மெஹதாப் ஆறுதல் சொல்லவில்லை. அது அவள் பழக்கம் இல்லை. "அந்த புரோகிராம் ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டாள்.

"பெரிய முந்தி டிசைனைத் திறந்தா பட்டுனு செத்துடும். ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’னு ஒரு வரி வரும். போட்டப்போ நல்லாதான் இருந்திச்சு, நாலு மாசம் ஒழுங்கா ஓடிச்சு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு ஒரு வாரம் லீவு போட்டேன். திரும்பி வந்ததுலருந்து ரெண்டு மாசமா இப்படித்தான். பாலாஜி சார்கிட்ட சொன்னேன். பிரிச்சுப் பிரிச்சுப் போடுன்னாரு."

"உனக்குச் சொந்த லேப்டாப் இருக்குதா?"

"ஃபோன் மட்டும்தான். கம்பைல் எல்லாம் அந்த மெஷின்லதான். அன்னிக்கு அதை ஓட விட்டுட்டு, பக்கத்துலயே உட்கார்ந்து சாப்பிட்டு, டிபன் பாக்ஸையும் கழுவி வெச்சேன். வேற எங்க அக்கா போவேன்?"

மெஹதாப் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "அண்ணா, வண்டியை எடுங்க."

தினகரனின் டிசைன் அறை தறிக்கூடத்தை ஒட்டி இருந்தது. கதவை மூடினாலும் எட்டு தறிகளின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. தினகரன் மரியாதையான மனிதர்தான், ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதிலிருந்து அவரை இறக்குவது கஷ்டம். பாலாஜி முப்பது வயது, சட்டை மடிப்புக் கலையாத ஆள். நாற்காலி ஓரத்தில் அவன் லேப்டாப் பை சாய்ந்திருந்தது. ஜக்காடு ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் கலீமும் அங்கே இருந்தார். சிம்ரன் லீவில் இருந்த வாரம் அந்த அறைக்குள் வந்துபோனவர்கள் இந்த மூவர் மட்டுமே. மெக்கானிக்கின் பையிலும் ஒரு லேப்டாப் இருப்பதைப் பார்த்த அப்பாதுரை மெஹதாபின் காதருகே குனிந்தார்.

"இவன்தான் மேடம். மூஞ்சியே சரியில்ல."

"அண்ணா, கடையில முதலாளின்னீங்க."

"அது அப்போ."

தினகரன் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கேன்மா. அதுவே ஜாஸ்தி. என்ன பார்க்கணுமோ பாருங்க."

"சிம்ரன் இதைக் கம்பைல் பண்ணும்போது யாராவது பார்த்தாங்களா?" என்று மெஹதாப் கேட்டாள்.

"நான் பார்த்தேன்," என்றான் பாலாஜி. "இதே மெஷின், இதே இடம். நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். என்னமோ டைப் பண்ணாங்க, கடகடன்னு வரி ஓடிச்சு. என் கையில டீ கிளாஸ். குடிச்சு முடிக்கறதுக்குள்ள கம்பைல் முடிஞ்சிடுச்சு. உடனே இன்ஸ்டால் பண்ணாங்க. அன்னிக்குப் போட்டதுதான் இப்பவும் இருக்குது. ஃபைல்ல தேதி பாருங்க, அதே நாள்."

"உங்க கண் முன்னாலயே? நிச்சயமா?"

"போலீஸ்ல கூட சொல்வேன் மேடம்."

சிம்ரன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெஹதாப் கண்ணால் தடுத்தாள்.

முதலில், ஏற்கெனவே இருக்கிற புரோகிராமில் இரட்டை மயில் போட்ட பெரிய முந்தி ஒன்றைத் திறக்கச் சொன்னாள். பாதி மயில் திரையில் வந்தது. அத்தோடு புரோகிராம் செத்தது. சிம்ரன் சொன்ன அதே வரி வந்து நின்றது. மெஹதாப் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"சரி. சிம்ரன், உன் சோர்ஸை இங்கேயே இன்னொரு தடவை கம்பைல் பண்ணு. தனியா வேற ஃபோல்டர்ல வெச்சுக்கோ. எல்லாரும் உட்காருங்க. சார், டீ சொல்லுங்களேன்."

மணி பன்னிரண்டு இருபது. சிம்ரன் கட்டளையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது. கம்ப்யூட்டரின் விசிறி மூச்சு வாங்கியது. டீ வந்தது. எல்லோரும் குடித்தார்கள். கிளாஸைக் கீழே வைத்தார்கள். திரையில் வரிகள் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தன.

அரை மணி ஆயிற்று. காலி கிளாஸ்களின் அடியில் ஆடை காய்ந்தது. கலீம் ஃபோனில் நேரம் பார்த்தார். தினகரன் இரண்டு முறை எழுந்து தறிக்கூடத்துக்குப் போய் வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கம்பைல் ஆவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்ற அலுப்பு உலகத்தில் வேறு இல்லை. ஆனால் அன்று அந்த அறையில் அலுப்பாக இல்லாத ஒருவன் இருந்தான். பாலாஜி நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, சாய வேலைக்காரங்களைப் பார்க்கணும். நான் போய்ட்டு..."

"இன்னும் ஒரு டீ குடிங்க சார்," என்றாள் மெஹதாப்.

ஒன்றரை மணிக்குத்தான் வரிகள் நின்றன. எழுபது நிமிடம். சிம்ரன் புது புரோகிராமில் அதே முந்தியைத் திறந்தாள். இரண்டு மயில்களும் முழுதாக வந்து நின்றன. புரோகிராம் சாகவில்லை.

மெஹதாப் தினகரன் பக்கம் திரும்பினாள். "சார், டிசைனைக் கிராப் தாள்ல போடுவீங்க. அதை மனுஷன் படிக்கலாம், தறி படிக்காது. அந்தக் காலத்துல அதைப் பார்த்து அட்டையில ஓட்டை குத்துவாங்க, அதைத்தான் ஜக்காடு படிக்கும். சோர்ஸுங்கறது கிராப் தாள். கம்பைல் பண்றதுங்கறது அட்டை குத்தறது."

"சரி."

"நானூத்தி எண்பது கொக்கி ஜக்காடுக்குக் குத்தின அட்டையை இருநூத்தி நாப்பது கொக்கிப் பெட்டியில மாட்டினா என்ன ஆகும்?"

"எப்படிம்மா ஓடும்? அந்தப் பெட்டியில இல்லாத கொக்கியை இல்ல தூக்கச் சொல்லும்?"

"திரையில வந்த வரிக்கு அர்த்தம் அதுதான் சார். அந்த புரோகிராம் இந்த மெஷினுக்குத் தெரியாத கட்டளையைக் குடுக்குது. எல்லா வேலைக்கும் இல்ல, பெரிய படத்தைத் திறக்கும்போது மட்டும். அதனாலதான் ரெண்டு மாசமா பாதி ஓடி பாதி செத்துக்கினு இருந்திருக்குது. இந்த மெஷின்ல, இந்த மெஷினுக்குன்னு குத்தின அட்டை, இதுல இல்லாத கொக்கியைக் கேட்காது. இப்ப சிம்ரன் குத்தினது ஓடுதே, பார்த்தீங்க. அப்ப பழையது வேற ஒரு புது மெஷின்ல, அந்த மெஷினுக்குன்னே கம்பைல் பண்ணி, அவ லீவுல இருந்த வாரம் இங்க வந்து மாத்தி வெச்சது."

"தேதி?" என்றார் தினகரன்.

மெஹதாப் தலையசைத்தாள். சிம்ரன் ஒரே ஒரு வரி தட்டினாள். சற்று முன் பிறந்த புரோகிராமின் தேதி மூன்று வருடம் பின்னால் போனது. தினகரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலாஜி சிரிக்கப் பார்த்தான். "அவங்களே வெளிய எங்கயாவது கம்பைல் பண்ணிக்கினு வந்திருக்கலாமே மேடம்."

"வந்திருக்கலாம்," என்றாள் மெஹதாப் அதே குரலில். "ஆனா நீங்கதான் இதே மெஷின்ல, உங்க கண் முன்னால பண்ணாங்கன்னு போலீஸ்ல சொல்றேன்னீங்க. இங்க பண்ணியிருந்தா இந்த புரோகிராம் சிம்ரனோடது இல்ல. வெளிய பண்ணியிருந்தா நீங்க சொன்னது பொய். ரெண்டுல எது சார்?"

பாலாஜி காலி டீ கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"இங்க கம்பைல் ஆக எழுபது நிமிஷம். அவ சாப்பிட்டு பாத்திரம் கழுவற நேரம். உங்களுக்கு மட்டும் ஒரு டீயில முடிஞ்சிருக்குது. நீங்க கம்பைலே பார்த்ததில்லைன்னு நான் நினைக்கல. பார்த்திருக்கீங்க. வேற மெஷின்ல, வேகமான மெஷின்ல. அந்த ஞாபகத்துலதான் டீக்கதை வந்திடுச்சு."

கலீம் யாரும் கேட்காமலே தன் லேப்டாப்பை மேஜையில் வைத்தார். மூடியில் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. "என்னுது இதைவிடக் கிழம்மா. போட்டுப் பாருங்க." அந்த புரோகிராமை அதில் போட்டார்கள். அதே பாதி மயிலில் அங்கேயும் செத்தது. அப்பாதுரை கலீமைப் பார்த்து அசடு வழிந்தார்.

"உன்னோடதைக் குடுடா," என்றார் தினகரன்.

"மாமா, இதுல என் பர்சனல் எல்லாம்..." பாலாஜி பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அந்த ஒரு அசைவு போதுமாக இருந்தது. தினகரன் எழுந்துபோய் அதைப் பிடுங்கினார். புரோகிராம் அதில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. சோர்ஸும் அதிலேயே இருந்தது, டிசைனை வெளியே அனுப்பும் பகுதி தனியாக எழுதிச் சேர்த்தபடி.

"அந்தக் கடையில என்னைப் பார்ட்னரா சேர்த்துக்கறேன்னாங்க மாமா," என்றான் பாலாஜி. "இங்க நான் எப்பவும் அக்கா பையன்தானே. நீங்க கண்டுபிடிச்சிட்டா யாரையாவது காட்டணுமேன்னு..."

"அதுக்கு இந்தப் பொண்ணா?"

"இவங்கன்னா எல்லாரும் நம்புவாங்கன்னு நினைச்சேன்."

இதைக் கேட்டபோது அப்பாதுரை தினகரனைத்தான் பார்த்தார். தினகரன் நம்பினாரே, ஒரு கேள்வி கேட்காமல் நம்பினாரே. அதுதான் அங்கே இருந்த எல்லோருக்கும் வலித்தது.

தினகரன் லேப்டாப்பை மூடினார். "சிம்ரன், மனசுல எதுவும் வெச்சுக்காதமா. இது எங்க வூட்டு விஷயம், நான் பார்த்துக்கறேன். நீ நாளைக்கு எப்பவும் போல வேலைக்கு வா."

சிம்ரன் எழுந்து கதவைத் திறந்தாள். தறிச் சத்தம் அறைக்குள் கொட்டியது.

"வெளிய வந்து சொல்லுங்க முதலாளி."

"என்னம்மா?"

"இப்ப என்கிட்ட சொன்னீங்க இல்ல, அதை."

அவர் மெஹதாபைப் பார்த்தார். மெஹதாப் நோட்டை மூடிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. தினகரன் மெல்ல நடந்து தறிக்கூடத்தின் வாசலில் போய் நின்றார். "எல்லாரும் கேளுங்கப்பா," என்று ஆரம்பித்தார். முன்வரிசைத் தறியில் இருந்தவர் மட்டும் தலை நிமிர்ந்தார். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவர் அப்படியே பேசிக்கொண்டு போனார்.

"முதலாளி," என்றாள் சிம்ரன். "தறியை நிறுத்தச் சொல்லுங்க."

ஒவ்வொன்றாக எட்டு தறிகளும் நின்றன. அந்த அமைதியில் தினகரன் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. திருடியது தன் அக்கா மகன் என்றார். இந்தப் பெண்ணை நேற்று இதே இடத்தில் நிறுத்தித் தான் பேசியது தப்பு என்றார். கடைசி வார்த்தையைத் தரையைப் பார்த்துச் சொன்னார், ஆனால் சொன்னார்.

ஆட்டோ தாமல் சாலையில் திரும்பியது. அப்பாதுரையால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நாளைக்கு வேலைக்குப் போவியாமா?"

"தெரியல அண்ணா," என்றாள் சிம்ரன். "கொஞ்சம் வேகமா போங்க. அம்மா இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க."