சின்னவனின் லேப்டாப்

துடைத்து வைத்த இடத்தில் மறுபடியும் ஈரம் இருந்தது.

கை கழுவப் போனவள் திரும்பி வருவதற்குள் அப்படி ஆகியிருந்தது. லேப்டாப்பின் மூடியை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, மேசை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் குளியலறைக்குப் போயிருந்தாள். இப்போது மூடியின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, வாய் பிளந்து தூங்குகிறவன் தலையணையில் விட்ட எச்சில் கறை மாதிரி ஒரு மங்கலான வட்டம். விடாமல் மழை பெய்கிறது, ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கிறது, காற்றிலேயே ஈரம்தான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பக்கத்திலேயே இருந்த கருவிப்பெட்டி மட்டும் ஏன் காய்ந்து கிடக்கிறது என்ற கேள்வியின் பக்கமே போகவில்லை.

கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வது அவளுக்குச் சோறு போடும் வேலை. டீ கொட்டினது, எறும்பு குடிவந்தது, குழந்தை பிஸ்கட்டைச் சொருகி வைத்தது, பூனை மூத்திரம் பெய்தது என்று எதையெதையோ பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஆபீசில் யாரும் தொடக் கூசுகிற பெட்டி அவள் மேசைக்குத்தான் வரும். மூக்கைச் சுளிக்காமல் பிரிப்பாள்; அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் இது கொழுந்தனுடைய லேப்டாப்.

வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் சொல்வார்கள். ஊரின் இன்னொரு கோடியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தான். வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க கேமரா முன்னால் உட்கார்ந்து யாரிடமாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டிய உத்தியோகம். அண்ணியைப் பார்க்க வந்தால் வாசலிலேயே, "டாக்டரம்மா, எனக்கும் பேட்டரி இறங்கிடுச்சு, ஒரு காபி போட்டு சார்ஜ் ஏத்துங்க" என்று கத்துவான். போனை எடுக்காமல் விட்டபோது வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பக்கத்து அறைக்காரர் நாற்றம் தாங்காமல் வீட்டுக்காரரிடம் சொன்ன பிறகுதான் கதவை உடைத்தது.

நெஞ்சுவலி. தூக்கத்திலேயே போயிருக்கிறான். படுத்தபடி வேலை பார்த்திருப்பான் போல. திறந்த லேப்டாப் முகத்தின் மேல் கவிழ்ந்து கிடந்ததாம். அதைக் கடைசியில் எப்படி எடுத்தார்கள் என்பதைப் போலீஸ்காரர் அவள் கணவனிடம் சொல்லியிருந்தார். கணவன் அவளிடம் மட்டும் சொன்னான், சொல்லிவிட்டு அன்று சாப்பிடவில்லை.

பெற்றவளுக்கு எதுவும் தெரியாது. சவப்பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள், மூடியே அனுப்பினார்கள்.

"யாரோ பெத்த பிள்ளை மாதிரி அனுப்பி வச்சுட்டீங்களே. மூஞ்சிய ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா?" மாமியாருக்கு அன்றிலிருந்து இதே பேச்சு. தட்டில் போட்டதைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். நேற்றுப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சாமான்கள் திரும்பி வந்ததும் பையைத் துழாவி இந்த லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டவர், அவளிடம் நீட்டினார். "அம்மாடி, இதுக்குள்ள அவன் போட்டோ இருக்கும்ல? ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுத்துரு. அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்."

மடியில் வைத்திருந்த இடத்தில் அவர் புடவையில் ஒரு கறை படிந்திருந்ததை அவள் பார்த்தாள். 

கணவன் காலையில் கிளம்பும்போது அறை வாசலோடு நின்றுவிட்டான். "நீயே பாத்துரு. என்னால முடியாது." 

பவர் பொத்தானை அமுக்கினால் லேப்டாப் உயிர் பெறுகிறது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, எழுந்துவிட்டேன் என்று சொல்லும் சின்ன மணியோசைகூட வருகிறது. திரை மட்டும் கறுப்பு. வாடிக்கையான நோய்தான். பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடித்து மறுபடி எழுப்பினாள். கறுப்பு. அடிமூடியின் திருகுகளைக் கழற்றிப் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள்.

மூடியைத் தூக்கியதும் அடித்தது வாடை. அழுகின வாடைகூட இல்லை, அதைவிட மோசம். பழக்கடையில் அடிக்கூடையின் அடியில் கசிந்து நிற்குமே, அது மாதிரி ஒரு தித்திப்பு. தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. விசிறியின் இறக்கைகளுக்கிடையே அழுக்குப் பஞ்சு இருப்பது எல்லா லேப்டாப்பிலும் சகஜம். இதில் அந்தப் பஞ்சு காயாமல், கொழகொழவென்று, பழைய கோந்து மாதிரி இருந்தது. சின்ன இடுக்கியால் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. முடிகள் வந்தன. முடியோடு, அரிசியளவில், பழுப்பாக, உள்ளே ஒன்றுமில்லாத சின்னச் சின்னக் கூடுகள் உதிர்ந்து வெள்ளைத் துணியில் விழுந்தன. அவை என்ன, அவற்றிலிருந்து எது பிறந்து பறந்துபோயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். துணியை அப்படியே சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

கையுறையைக் கழற்றி இரண்டாவது ஜோடி மாட்டிக்கொண்டாள். தன் மேலேயே அருவருப்பாக வந்தது. இவ்வளவு நாள் கூட உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை. அவன் எச்சில் டம்ளரைக் கழுவியிருக்கிறாள், காய்ச்சலில் அவன் எடுத்த வாந்தியைக்கூட ஒரு தடவை அள்ளியிருக்கிறாள். இதற்கு ஏன் குமட்ட வேண்டும்?  குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தாள். நகக்கண்ணில் அந்தத் தித்திப்பு அப்படியே இருந்தது.

ராம் பட்டையைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டாள். டிஸ்ப்ளே கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். பேட்டரியை மறுபடி இணைத்து, அடிமூடியைத் திருகிவிட்டு, விசைப்பலகையின் இடுக்குகளைப் பஞ்சுக் குச்சியால் சுரண்டினாள். சில எழுத்துகள் அமுக்கினால் திரும்ப மேலே வர யோசித்தன, வரும்போது நூலிழையாக எதையோ இழுத்துக்கொண்டு வந்தன. விரலால் அம்புக்குறியை நகர்த்தும் பட்டையின் மேல் ஒரு தோல் மாதிரி படிந்திருந்தது. மஞ்சளாக. பிளாஸ்டிக் அட்டையால் நெம்பினாள். முழுசாக உரிந்து வந்தது.

அதில் ரேகை இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு அதையும் குப்பையில் போட்டாள்.

மறுபடி எழுப்பினாள். விளக்கு. விசிறி. மணியோசை. கறுப்பு. விசிறியின் துவாரத்திலிருந்து வந்த காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. சூடாக இருந்தது, சூடாகத்தான் இருக்கும். ஆனால் விட்டு விட்டு வந்தது. வந்து, நின்று, வந்து. பல் தேய்க்காத வாயிலிருந்து வருகிற மாதிரி வாடையோடு. விசிறியில் இன்னும் அழுக்கு இருக்கிறது, அதனால் திணறுகிறது என்று நினைத்தபடி கையை இழுத்துக்கொண்டாள்.

திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு செத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அறையை இருட்டாக்க வேண்டும். திரைச்சீலையை இழுத்துவிட்டு மேசை விளக்கை அணைத்தாள். மழைச் சத்தம் பெரிதானது. கண் பழகியதும் அவளுக்குப் புரிந்தது. அணைந்த திரையின் கறுப்பு வேறு, எரிகிற திரையின் கறுப்பு வேறு. இது எரிகிறது. அந்தக் கறுப்பின் லேசான வெளுப்பு மேசைமேல் விழுந்துகொண்டிருக்கிறது.

சுத்தம் செய்த பட்டையில் விரலை வைத்து நகர்த்தினாள். கறுப்பின் நடுவில் வெள்ளை அம்புக்குறி ஒன்று நகர்ந்தது.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. திரை கெடவில்லை. இவ்வளவு நேரமும் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. அம்புக்குறியைக் கீழே கொண்டுபோனதும் வட்டமான சின்னச் சின்னப் பொத்தான்கள் முளைத்தன. கேமரா! எழுந்ததும் தானே கேமரா திறந்து திரை முழுக்க நிற்கும்படி வேலைக்காகச் செய்து வைத்திருக்கிறான். அதில் கறுப்பு தெரிகிறது, அவ்வளவுதான். கேமராவை மூடினால் பின்னால் எல்லாம் இருக்கும், போட்டோக்களும்.

"அத்தை!" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வந்துருச்சு அத்தை! இன்னும் கொஞ்ச நேரந்தான்!"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "இதோ வரேன்டி அம்மா." முட்டிவலிக்காரர், சுவரைப் பிடித்துப் பிடித்து வரும் காலடிச் சத்தம் கேட்டது.

மூடும் பொத்தானை அமுக்கினாள். மூடவில்லை. இன்னொரு தடவை. ஊகூம். அப்படியே ஸ்தம்பித்து நிற்கிறதோ? பார்த்துவிடலாம் என்று திரையின் மேல்விளிம்பில் இருந்த சின்ன லென்ஸின் முன்னால் கையை ஆட்டினாள். கறுப்பில் மாற்றமில்லை. லென்ஸில் அழுக்கு இருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். கறுப்பு. அறை இருட்டாக இருக்கிறதல்லவா. மேசையிலிருந்த டார்ச்சை எடுத்து லென்ஸுக்கு நேராக அடித்தாள்.

திரை சிவந்தது.

எரிகிற டார்ச்சை உள்ளங்கையால் பொத்தினால் சதை வழியாக வெளிச்சம் கசியுமே, அந்தச் சிவப்பு. ஓரங்களில் கறுத்து, நடுவில் வெளிறிய சிவப்பு. அதில் கிளை கிளையாக எதுவோ பிரிந்து ஓடியது.

நரம்பு.

டார்ச்சை அணைத்தாள். கறுப்பு. அடித்தாள். சிவப்பு.

டார்ச்சுக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. ஒரு சாண் வெறும் காற்று. வெளிச்சத்தில் தூசி மிதப்பதுகூடத் தெரிந்தது. திரையில் மட்டும் அந்தச் சதை. லென்ஸோடு ஒட்டிக்கொண்டு, அமுங்கி, அதை முழுக்க அடைத்துக்கொண்டு.

பிறகு அது அசைந்தது.

ஈரமான சத்தம் ஒன்று. ஸ்பீக்கரிலிருந்து அல்ல. அவளுக்கு முன்னால், மிகப் பக்கத்தில். காயத்தோடு ஒட்டிப்போன துணியை உரிக்கும்போது கேட்குமே, அது.

திரையில் சிவப்பு சுருங்கியது. பின்னால் நகர்ந்தது. ஓரத்தில் அறை தெரிய ஆரம்பித்தது. இந்த அறைதான். அவள் வீட்டுத் திரைச்சீலை. அலமாரி. அவள் கையிலிருந்த டார்ச். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தை அது மறைத்துக்கொண்டிருந்தது. லென்ஸைப் பார்த்தபடி. அவளுக்கு முதுகைக் காட்டியபடி. அப்படியானால் அதன் பின்மண்டை அவள் மூக்குக்கு நேராக இருக்க வேண்டும்.

மூச்சை இழுத்தாள். நாக்கில் முடி பட்டது.

கத்த முடியவில்லை. வாயைத் திறக்கவே கூடாது. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"எங்கம்மா? தெரியுதா?"

மாமியார் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, திரையைப் பார்க்கக் குனிந்தார். அவள் மூக்கால் முனகினாள், தலையை ஆட்டினாள், அவர் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவர் கவனிக்கவில்லை. மாதக்கணக்காக வாடி வதங்கிக் கிடந்த அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"என் தங்கமே..."

கையை நீட்டினார். திரையை நோக்கி அல்ல. அதற்கு முன்னால் இருந்த வெற்றிடத்தை நோக்கி. விரல்கள் அந்தரத்தில் போய் நின்றன, எதிலோ முட்டினதைப் போல. பிறகு வளைந்துகொடுத்து மெல்லத் தடவின. திரையில், அந்த விரல்கள் போன வழியெல்லாம், கன்னத்துச் சதை கூடவே நகர்ந்தது. நகர்ந்து, திரும்பிப் போகவில்லை.

"ஏன்டா இப்படி நனைஞ்சு கெடக்க?" என்றார் பெற்றவள், குழந்தையிடம் பேசும் குரலில்.

அந்தக் கையை எடுத்து, விரல்களைக் குவித்து, தன் உதட்டில் வைத்து முத்தம் கொடுத்துக்கொண்டார். விரலுக்கும் உதட்டுக்கும் இடையே மஞ்சளாக ஒரு இழை நீண்டு, தொய்ந்து, அறாமல் நின்றது. அதை நாக்கால் வழித்துக்கொண்டு, ஆசை தீராமல், இரண்டு கைகளையும் மறுபடியும் வெறும் காற்றுக்குள் நீட்டினார்.